விடியற்காலை மூணு மணி விழிப்பு

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயது 42. காசிமேட்டில் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். போன வருடம் தடைக்காலம் முடிந்ததும் நாலு தடவை கடலுக்குப் போனார், அப்புறம் நின்றுவிட்டார். சுவரைப் பார்த்துப் படுத்தே கிடக்கிறார். சாப்பாடு இறங்கவில்லை, சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. தினமும் ஒரு குவார்ட்டர் குடிக்கிறார். கடன் வசூலுக்குத் தண்டல்காரர் வந்தால் பாத்ரூமில் போய் உட்கார்ந்துகொள்கிறார். 'நான் இருந்து உங்களுக்கு என்ன பிரயோஜனம்' என்கிறார். தொழில் பழக்கம் மட்டும் விடவில்லை, மூணு மணிக்கே முழித்துக்கொள்கிறார். அவருடைய அப்பாவும் கடைசிக் காலத்தில் இப்படித்தான் இருந்தாராம். மாமியார் செய்வினை என்கிறார், என் தம்பி சோம்பேறித்தனம் என்கிறான். இது ரத்தத்தில் வந்ததா, மனசு பலவீனமா, கடனால் வந்ததா? என் பையனுக்கும் வருமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, காசிமேடு

பதில்: அம்மா, நீங்கள் நல்ல சேதி போல எழுதிய ஒரு வரியில்தான் என் கண் நின்றது. மூணு மணி விழிப்பு. மீன் ஏலத்துக்கும் படகுக்கும் இருட்டோடு எழுந்து ஓடுகிற ஊர் உங்களுடையது. அங்கே ஒருவர் மூணு மணிக்கு விழித்தால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் பழக்கத்தில் விழிப்பவர் எழுந்து முகம் கழுவுவார், டீக்கடைக்குப் போவார். உங்கள் வீட்டுக்காரர் எழுந்திருக்கிறாரா, கண்ணைத் திறந்துகொண்டு அப்படியே கிடக்கிறாரா? கிடக்கிறார் என்றால், அது தொழில் பழக்கம் இல்லை. மனச்சோர்வு நோயில் தூக்கம் இப்படித்தான் முன்கூட்டியே கலையும். விடியும் நேரத்தில் மனசு கல்லாகக் கனக்கும், சாயங்காலம் கொஞ்சம் லேசாகும். குடியும் இதில் சேர்ந்துகொள்கிறது. சாராயம் சீக்கிரம் தூங்க வைக்கும், பின்னிரவில் தூக்கத்தை உடைத்துவிடும்.

நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்லக் கூடாது. ஆனாலும் பசி, எடை, தூக்கம், குற்ற உணர்வு என்று நீங்கள் எழுதிய எல்லாம் அந்த நோயைத்தான் காட்டுகின்றன. சோம்பேறிக்கு உடம்பு இளைக்காது என்று உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள்.

மற்றதற்குப் போகுமுன் ஒன்று. 'நான் இருந்து என்ன பிரயோஜனம்' என்ற பேச்சை விரக்தி என்று விட்டுவிடாதீர்கள். இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து, 'செத்துப்போகலாம்னு தோணுதா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோம் என்று பயப்படுகிறோம். அப்படி ஆவதில்லை, பலருக்கும் கேட்டதே பெரிய ஆறுதலாக இருக்கும். ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். கயிறு, பூச்சி மருந்து, மாத்திரை எதுவும் கைக்கு எட்டாமல் எடுத்துவைத்துவிட்டு அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். எந்த நேரமானாலும் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள், காசு இல்லை.

ரத்தமா, மனசா, கடனா என்று கேட்டீர்கள். மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் வைத்தியம் என்று நினைத்துக் குடும்பங்கள் மாதக்கணக்கில் தங்களுக்குள் சண்டை போடுவதைப் பார்க்கிறேன். 1977-லேயே ஜார்ஜ் எங்கல் என்ற அமெரிக்க மருத்துவர், உடம்பு, மனம், சமூகம் மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் எந்த நோயையும் புரிந்துகொள்ள முடியாது என்று எழுதினார். உங்கள் வீட்டிலேயே பாருங்கள். கடன்காரருக்குப் பயந்து இவர் ஒளிகிறார். ஒளிந்ததால் 'நான் ஆம்பளையே இல்லை' என்ற எண்ணம் வருகிறது. அந்த எண்ணம் தூக்கத்தைக் கெடுக்கிறது. தூங்காத உடம்பால் தொழிலுக்குப் போக முடியவில்லை, கடன் ஏறுகிறது. எது முதலில் வந்தது என்று கண்டுபிடிக்கத் தேவையில்லை, எங்கே பிடித்தாலும் மற்றவை கொஞ்சம் தளரும்.

உடம்பிலிருந்து தொடங்குவது சுலபம். தைராய்டு, ரத்தச்சோகை, சர்க்கரை, வைட்டமின் பி12 பரிசோதனைகளைச் செய்யச் சொல்லுங்கள். தைராய்டு குறைந்தாலே சிலருக்கு இதே சோர்வு வரும். மாத்திரை தொடங்கினால் பலன் தெரிய இரண்டு முதல் நாலு வாரம், சில சமயம் ஆறு வாரம்கூட ஆகும். முதல் வாரத்திலேயே 'ஒண்ணும் கேக்கல' என்று நிறுத்திவிடாதீர்கள். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். குடியை மட்டும் நீங்களாகத் திடீரென்று நிறுத்தவைக்காதீர்கள். தினமும் குடிப்பவருக்குக் கை நடுக்கம், வலிப்பு வரலாம். அதை மருத்துவர் பார்வையில்தான் செய்ய வேண்டும்.

மனசு விஷயத்தில் அறிவுரை வேலை செய்யாது. 'தைரியமா இரு' என்றால், 'அதுகூட என்னால முடியல' என்றுதான் அவருக்குக் கேட்கும். பதிலுக்குச் சின்ன வேலை கொடுங்கள். கடல் வேண்டாம், தெருமுனை வரை போய் பால் பாக்கெட் வாங்கி வரட்டும். மனசு சரியானதும் செய்யலாம் என்று காத்திருக்கக் கூடாது, செய்யச் செய்யத்தான் மனசு சரியாகும்.

கடனை மருந்து அடைக்காது, அதையும் சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் 61 நாள் வருமானம் இல்லாமல், தண்டலில் வாங்கிச் சாப்பிட்ட குடும்பத்துக்கு வந்த பயம் வெறும் கற்பனை இல்லை. தண்டல்காரரிடம் இனி நீங்களும் ஒரு பெரியவரும் பேசுங்கள். எவ்வளவு பாக்கி என்று ஒரு தாளில் எழுதுங்கள். எழுதாத கடன் இருட்டில் பெரிதாகத் தெரியும்.

மாமியாரிடம் வாதாட வேண்டாம். வேண்டுதலும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும்.

உங்கள் பையனைப் பற்றி. பெற்றோருக்கு இந்த நோய் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். அப்படியிருந்தும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. அப்பா வைத்தியம் எடுத்துக் குணமாவதை அவன் பார்ப்பது அவனுக்கு மிகவும் நல்லது.

நீங்களும் யாரிடமாவது பேசுங்கள், அம்மா. லண்டனில் கேம்பர்வெல் பகுதிப் பெண்களை ஆராய்ந்து 1978-இல் வந்த புத்தகம், பெரிய கஷ்டம் வரும்போது மனம் விட்டுப் பேச நெருக்கமான ஒருவர் இல்லாத பெண்களுக்கே மனச்சோர்வு அதிகம் என்று காட்டியது. கடிதம் முழுக்க அவரைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள் என்று ஒரு வரி இல்லை.

உங்களுக்குப் பக்கம் ஸ்டான்லி அரசு மருத்துவமனை. காலையிலேயே போய் மனநல ஓ.பி. சீட்டு வாங்குங்கள். டாக்டர் அறைக்குள் நீங்களும் கூடவே போங்கள். 'என்ன பண்ணுது?' என்று கேட்டால் அவர் 'உடம்பு அசதி' என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடுவார். மூணு மணி விழிப்பையும் குவார்ட்டரையும் அவர் சொன்ன அந்த வார்த்தையையும் நீங்கள் சொல்லுங்கள்.