அறிகுறியே இல்லாதவரின் மூச்சுப்பாதை செல்களில் வைரஸ் தொற்றின் தடயம் தெரிவது ஏன்?

வைரஸ் செல்லுக்குள் புகுந்து பெருகியும் காய்ச்சல், இருமல் எதுவும் வராமல் இருப்பதே அறிகுறியற்ற தொற்று. சளி, காய்ச்சல் போன்றவை பெரும்பாலும் நம் எதிர்ப்பாற்றலின் எதிர்வினையால் வருபவை. தொற்றிய செல் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியிட்டு அக்கம்பக்கத்துச் செல்களை எச்சரிக்கும். இது சீக்கிரமே நடந்தால் அழற்சி பெரிதாகாமலே வைரஸ் அடங்கிவிடலாம். வீட்டார் விழிக்கும் முன்பே அணைந்த அடுப்படித் தீ போல: சத்தமில்லை, ஆனால் சுவரில் கரி இருக்கும்.

அந்தக் கரியைத்தான் மூக்கிலிருந்து பஞ்சுக்குச்சியால் எடுத்த செல்களில் தேடுகிறார்கள்: வைரஸின் ஆர்என்ஏ (அதன் மரபுப் பொருள்), இன்டர்ஃபெரான் தூண்டிவிட்ட மரபணுக்கள், சில வைரஸ்களில் நுண்மயிர் (சளியை நகர்த்தும் மெல்லிய இழை) இழந்த செல்கள். ஆர்என்ஏ மட்டும் கிடைத்தால் அவசரப்படக் கூடாது; அது முடிந்துபோன தொற்றின் மிச்சமாகவும் இருக்கலாம். அந்த மரபணுக்களும் சேர்ந்து விழித்திருந்தால், தொற்று இப்போது நடப்பதற்கான சான்று வலுவாகிறது.

அறிகுறி இல்லாதவர் பிறருக்குப் பரப்பமாட்டார் என்று பலர் நினைப்பது தவறு. கோவிட்-19 அறிகுறி தோன்றுவதற்கு 2 நாள் முன்பே பரவியது.