வாசல் பனி யார் பொறுப்பு?

ஸ்காபரோவில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "சொந்த வீட்டில் எங்களுக்கு இது முதல் குளிர்காலம். வீட்டுக்கு முன்னால் உள்ள நடைபாதைப் பனியை நகரத்தின் இயந்திரம் தள்ளிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள், டவுன்ரவுனில் பல வருடம் இருந்த என் மச்சாள் நாங்கள்தான் தள்ளவேண்டும், இல்லாவிட்டால் தண்டம் என்கிறா. அதில் யாராவது வழுக்கி விழுந்தால் எங்கள் மேல் வழக்குப் போடலாமா? பேஸ்மென்ற்றை வாடகைக்கு விட்டிருக்கிறோம், பனி தள்ளுவது அவர்கள் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்தும் வாங்கியிருக்கிறோம். அது போதும்தானே?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: போதாது. உங்கள் கடிதத்தில் எனக்குப் பயமாக இருந்ததும் அந்த ஒரு வரிதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் மச்சாள் சொன்னது பிழையில்லை. 1998-இல் ஸ்காபரோ, நோர்த் யோர்க், எற்றோபிக்கோ, யோர்க், ஈஸ்ற் யோர்க் எல்லாவற்றையும் பழைய ரொறன்ரோவோடு சேர்த்து ஒரே மாநகரம் ஆக்கினார்கள், ஆனால் பனி தள்ளும் வழக்கம் மட்டும் ஒன்றாகவில்லை. வெளிப்பகுதிகளில் நகரமே நடைபாதையைத் தள்ளிக்கொடுத்தது. நடுநகரத்தில் தெரு ஒடுக்கம், ஓரமெல்லாம் கார், இயந்திரம் போகாது என்று சொல்லி, பனி நின்று 12 மணித்தியாலத்துக்குள் வீட்டுக்காரரே தள்ளவேண்டும் என்று விட்டுவிட்டார்கள். ஒரே நகரம், இரண்டு நியாயம். 2021-இல்தான் மாநகரசபை இதை மாற்றியது. சின்ன இயந்திரங்கள் வாங்கி, அந்தக் குளிர்காலத்தில் இருந்து இயந்திரம் நுழையக்கூடிய நடைபாதைகள் எல்லாவற்றையும் நகரமே தள்ளுவது என்று தீர்மானித்தார்கள். நுழைய முடியாத இடங்களில் அந்த 12 மணித்தியால விதி இன்னும் வீட்டுக்காரர் தலையில்தான். உங்கள் தெரு எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று நகரத்தின் தகவல் தொலைபேசியான 311-க்கு அடித்துக் கேளுங்கள், பக்கத்து வீட்டில் கேட்காதீர்கள்.

இதெல்லாம் ரொறன்ரோவுக்கு மட்டும். மார்க்கம், ஏஜாக்ஸ், பிராம்டன் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதி, வீடு மாறினால் விதியும் மாறும்.

நகரம் தள்ளும் என்பதற்காக அது உடனே நடக்கும் என்று நினைக்கவேண்டாம். 2025 பெப்ரவரியில் அடுத்தடுத்து வந்த புயல்களில் 50 சென்ரிமீற்றருக்கு மேல் கொட்டியபோது, குவிந்த பனியை அள்ளி முடிக்க வாரக்கணக்கானது, சக்கர நாற்காலியில் போகிறவர்களும் பிள்ளை வண்டில் தள்ளுகிறவர்களும் வீதியில் இறங்கித்தான் போனார்கள். அப்படியான நாளில் சட்டம் கேட்காவிட்டாலும் உங்கள் வீட்டு முன்னால் ஒரு ஆள் நடக்கும் அகலத்துக்காவது தள்ளிவிடுங்கள்.

சரி, விழுந்தால் வழக்கு? பலர் இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்புவார்கள். நகர விதியை மீறினால் தண்டம் வரலாம், அது உங்களுக்கும் நகரத்துக்கும் இடையில். விழுந்தவருக்கு நட்டஈடு கொடுப்பது வேறு கதை. பொது நடைபாதை நகரத்தின் சொத்து, அங்கே விழுந்தவருக்கு முன்வீட்டுக்காரர் பொதுவாகப் பொறுப்பில்லை, பனி தள்ளச்சொல்லி விதி இருந்தாலும் அந்தப் பொறுப்பு வீட்டுக்காரருக்கு மாறிவிடாது என்று ஒன்ராறியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000-இல் சொல்லிவிட்டது. நகரத்தின் மேல் வழக்குப் போடுவதும் லேசில்லை, சாதாரணக் கவனக்குறைவு போதாது, படுமோசமான கவனக்குறைவைக் காட்டவேண்டும், அதுவும் விழுந்து 10 நாளுக்குள் எழுத்தில் அறிவித்திருக்க வேண்டும். (நீங்களே விழுந்தாலும் இதே 10 நாள்தான், ஞாபகம் வைத்திருங்கள்.)

ஆனால் அதே தீர்ப்பில் விதிவிலக்கும் இருக்கிறது. நடைபாதையை உங்கள் சொந்த இடம் மாதிரி நீங்கள் ஆள்கிறீர்கள் என்றால் பொறுப்பு வரும், கடைக்காரர்கள் கவனிக்கவேண்டியது அது. உங்களுக்குப் பொருந்துவது மற்றது: உங்கள் காணியில் இருந்து ஆபத்து வெளியே போய் நடைபாதையில் சேர்ந்தால் நீங்கள் பதில் சொல்லவேண்டும். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயைப் போய்ப் பாருங்கள். ரொறன்ரோவில் அந்தக் குழாய்களை நிலத்தடிக் கழிவுநீர்க் குழாயில் இருந்து பிரித்துவிடவேண்டும் என்று விதி வந்தபிறகு, தண்ணீர் வெளியே நிலத்தில்தான் விழுகிறது. அது ட்ரைவே வழியாக ஓடி நடைபாதைக்கு வந்தால், பகலில் கூரைப் பனி உருகி, இரவில் கண்ணாடி மாதிரி உறைந்து கிடக்கும். அந்த ஐஸ் வானத்தில் இருந்து விழுந்தது என்று நீங்கள் சொல்லமுடியாது. குழாய் வாயைப் புல்லுப் பக்கம் திருப்பிவிட ஒரு நீட்டுத்துண்டு போதும், நிலம் உறையமுதல் செய்யுங்கள்.

உங்கள் படி, வாசல் பாதை, ட்ரைவே இவற்றில் எந்தச் சாட்டும் எடுபடாது. தபால்காரர், சாப்பாடு கொண்டுவருகிற பெடியன், பிறந்தநாளுக்கு வந்த மாமி, யார் விழுந்தாலும் நீங்கள் நியாயமான கவனம் எடுத்தீர்களா என்றுதான் பார்ப்பார்கள். 2021 ஜனவரி 29-இல் இருந்து, தனியார் இடத்தில் பனியில் விழுந்தவர் 60 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்கவேண்டும். வழக்குக்கோ பொதுவாக இரண்டு வருட அவகாசம் இருக்கிறது. இரண்டு வருடம் கழித்து அன்று காலை உப்புப் போட்டீர்களா என்று கேட்டால் யாருக்கு ஞாபகம் இருக்கும்? அதனால் தள்ளி முடிந்ததும் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், நேரம் தானாகப் பதியும்.

இனி பேஸ்மென்ற். வாடகைக்கு விட்ட வீட்டில் வெளிப்பாதைகளைப் பனி இல்லாமல் வைத்திருப்பது வீட்டுக்காரரின் சட்டக் கடமை, வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி அதைக் கைமாற்ற முடியாது. கிட்டத்தட்ட உங்கள் நிலைமையே 2009-இல் அதே மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருந்த பெண் தன் வாசலுக்குப் போகும் பாதையில் வழுக்கி விழுந்து வழக்குப் போட்டார், பனி தள்ளுவது வாடகையாளர் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதே என்று வீட்டுக்காரர் காட்டினார், அந்த வரி செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. பேஸ்மென்ற் வாசல் பெரும்பாலும் வீட்டின் பக்கத்தில், வெயில் படாத ஒடுங்கிய பாதையில் இருக்கும், ஐஸ் கடைசியாக உருகும் இடமும் அதுதான்.

அவர்களே செய்ய விரும்பினால் தனியாக ஒரு உடன்படிக்கை எழுதுங்கள். வாடகையோடு ஒட்டாமல், என்ன வேலை, எத்தனை மணிக்குள், அதற்கு மாதம் எவ்வளவு காசு என்று தெளிவாக இருக்கட்டும். அப்போதும் அவர்கள் செய்கிறார்களா என்று பார்ப்பது உங்கள் வேலை. அவர் இரவு ஷிஃப்ற் போய்விட்டு விடிய வந்து படுத்துவிட்டார் என்றால் நீங்கள்தான் ஷவலை எடுக்கவேண்டும்.

உப்பு விஷயத்தில் எங்கள் ஆட்கள் தாராளம். முதலில் தள்ளுங்கள், பிறகு மெல்லியதாகத் தூவுங்கள். சாதாரண உப்பு மைனஸ் 10-க்குக் கீழே போனால் சோம்பிவிடும், கொட்டக் கொட்டக் காசுதான் போகும், அந்தக் குளிருக்குக் கல்சியம் குளோரைட் கலந்தது வாங்குங்கள் அல்லது மணல் போடுங்கள். மணல் உருக்காது, ஆனால் கால் பிடிக்கும்.

தள்ளிய பனியை வீதியில் எறியவேண்டாம், அது தெருவெல்லாம் நடக்கிறதுதான், ஆனால் மாகாண நெடுஞ்சாலைச் சட்டப்படி குற்றம். உங்கள் புல்லுத்தரையில் குவியுங்கள், தீயணைப்புத் தண்ணீர்க் குழாயை மட்டும் மூடிவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று, இதை இந்தக் கிழமையே செய்யுங்கள். வீட்டுக் காப்புறுதி நிறுவனத்துக்கு பேஸ்மென்ற் வாடகைக்கு விட்டிருப்பதைச் சொல்லிவிட்டீர்களா? மாதத்துக்குச் சில டொலர் கூடும் என்று பலர் மறைக்கிறார்கள். யாராவது விழுந்து நிறுவனம் விசாரிக்க வரும்போது அது வெளிவந்தால், கைவிரித்துவிடுவார்கள், சட்டத்தரணிச் செலவும் நட்டஈடும் உங்கள் கையில் இருந்துதான் போகும்.