பிடுங்கிய இடத்துக்குத் திரும்பப் போவது

அன்புள்ள அக்கா,

நலம்தானே? குன்னூரில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். போன ஜூலையில் எங்கள் பூங்காவை ஒட்டிய ஓடைச் சரிவில் உண்ணிச்செடி (லான்டானா என்கிற வெளிநாட்டுக் களை) அகற்றப் போனோம். நாற்பது பேர். கையெல்லாம் முள் கிழித்து ஒரு லாரி நிறைய வெட்டினோம். ஏற்பாடு செய்தவர்கள் சான்றிதழ் கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள். அப்புறம் யாரும் கூப்பிடவில்லை. பொங்கல் விடுமுறையில் போய்ப் பார்த்தால் இடுப்பு உயரத்துக்கு மறுபடியும் உண்ணி, நடுநடுவே யூபடோரியம் என்ற இன்னொரு வெளிநாட்டுக் களை. மனசு விட்டுப்போயிற்று. என் மாணவி ஒருத்தி, “பட்டாம்பூச்சி எல்லாம் இந்தப் பூவுலதானே சார் உக்காருது, ஏன் வெட்டணும்?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இந்த வேலைக்கு அர்த்தம் இருக்கிறதா? வாட்டில் என்கிற சீகை மரத்தையும் வெட்ட வேண்டும் என்கிறார்கள். அதற்கும் போகலாமா?

தங்கள் தம்பி,
குன்னூர்

அன்புள்ள தம்பி,

உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. கோத்தகிரிப் பக்கம் நானும் இப்படி ஒரு சரிவைப் பார்த்து நின்றிருக்கிறேன். ஆனால் அந்த ஜூலை நாள் வீண் என்று நினைக்காதீர்கள். வேலை பாதியில் நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

நீங்கள் வெட்டினோம் என்று எழுதியிருப்பதில்தான் விஷயம் இருக்கிறது. உண்ணியை வெட்டினால் சாகாது. அரிவாளால் தரைக்கு மேலே வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். உங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையும் நன்றாகப் பெய்யும் என்பதால் பொங்கலுக்குள் இடுப்பளவு வந்ததில் ஆச்சரியம் இல்லை. தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதி மண்ணுக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது. துளிர்ப்பதெல்லாம் அங்கிருந்துதான். மண்ணைக் கொத்தி விலக்கி, அந்தக் கழுத்துக்குக் கீழே இரண்டு மூன்று விரற்கடை ஆழத்தில் ஆணிவேரை வெட்ட வேண்டும். பிறகு செடியை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து, வேர் வானத்தைப் பார்க்கும்படி காயவிட வேண்டும். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபுவும் அவருடன் இருந்தவர்களும் கார்பெட் காட்டில் செய்து காட்டிய முறை இது. மண்ணை அதிகம் கிளறாததால் புதைந்து கிடக்கும் விதைகளும் அவ்வளவாக முளைக்காது. ஓடைச் சரிவில் மண்ணும் அரித்துப் போகாது. காய் கறுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டும். கறுத்த பழத்தோடு லாரியில் ஏற்றினால் வழியெல்லாம் விதைத்துக்கொண்டு போகிறோம் என்று அர்த்தம்.

அதோடு முடியாது. கொண்டைக்குருவி பழத்தைத் தின்றுவிட்டு எந்தக் கிளையில் போய் உட்காருகிறதோ, அந்தக் கிளைக்குக் கீழே புது முளை வரும். மூன்று வருடமாவது, ஒவ்வொரு மழைக்கும் பிறகு போக வேண்டும். அதனால் நாற்பது பேர் ஒரே நாளில் ஒரு சரிவையே சுத்தம் செய்வதைவிட, நான்கு பேர் ஒரு வகுப்பறை அளவு இடத்தை எடுத்துக்கொண்டு வருடத்துக்குப் பத்துத் தடவை போவது எனக்கு மேலாகப் படுகிறது. இதில் நான் உறுதியாக இருக்கிறேன். படம் எடுக்க ஆள் வராது, பரவாயில்லை.

இன்னொன்று. பிடுங்குவதற்கு முன் பிடுங்கக் கூடாததைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் வருடம் நான் வேகமாக வேலை செய்துகொண்டிருந்தேன். பக்கத்து ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) வந்திருந்த ஒரு அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். என் கையில் இருந்த இலையைத் திருப்பிக் காட்டினார். மேலே பளபளவென்று பச்சை, அடியில் வெள்ளை வெல்வெட் மாதிரி ரோமம், காம்பிலிருந்து நுனிவரை மூன்று நரம்பு ஓடுகிறது. “இது தவிட்டுப்பழம்மா. என் பிள்ளைங்க தின்னு வளந்த பழம்.” எனக்குப் பின்னால் இருந்த குவியலில் அந்தக் கன்றுகள் நிறையக் கிடந்தன. அன்று இரவு தூக்கம் வரவில்லை. உண்ணியைத் தொட்டாலே தெரியும். சதுரத் தண்டு, சொரசொரப்பான இலை, கசக்கினால் மூக்கில் ஏறும் அந்த நெடி. பார்த்தால் மட்டும் போதாது, தொட்டு, முகர்ந்து, இலையைத் திருப்பிப் பார்த்த பிறகு பிடுங்குங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

உங்கள் மாணவி நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள். பட்டாம்பூச்சி உண்ணிப்பூவில் தேன் குடிக்கும், உண்மைதான். ஆனால் முட்டையிட அதற்கு வேறு செடி வேண்டும். ஒவ்வொரு வகைப் புழுவுக்கும் அதற்கென்று சில இலைகள்தான் ஆகும். உண்ணி அடர்ந்த இடத்தில் அந்தச் செடிகள் வெளிச்சம் இல்லாமல் போய்விடும். ஒரே தடவையில் மொட்டையடிக்காமல் துண்டு துண்டாக எடுத்து, எடுத்த இடத்தில் நம் ஊர்ப் புல்லும் புதரும் வைத்துக்கொண்டே போனால் பட்டாம்பூச்சிக்கும் பட்டினி இல்லை. வெறும் மண்ணாக விட்டால் யூபடோரியம் வந்துவிடும். அதைத்தான் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

சீகைக்கு அவசரப்பட்டுப் போகாதீர்கள். விறகுக்கும், தோல் பதனிடப் பட்டைக்கும் என்று புல்வெளிகளில் நட்ட மரம் அது. புல்வெளியை அது தின்றது உண்மை. ஆனால் பெரிய மரத்தை வெட்டினால் வெளிச்சம் பட்டு, பல பத்தாண்டுகளாக மண்ணில் கிடந்த விதையெல்லாம் ஒரேயடியாக முளைக்கும். தீ வைத்தால் இன்னும் மோசம். அதோடு, பழைய சீகைத் தோப்பின் நிழலில் சில இடங்களில் சோலை மரக் கன்றுகள் (இந்த மலைக்கே உரிய காட்டு மரங்கள்) தானாக வந்துகொண்டிருக்கின்றன. கொடைக்கானல் வட்டக்கானலில் பல காலம் சோலை நாற்று வளர்த்த பாப் ஸ்டூவர்ட்டும் தான்யா பால்கரும் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அங்கே மரத்தைச் சாய்த்தால் கன்றும் சேர்ந்து போகும். புல்வெளி ஓரத்தில் புதிதாகப் பரவும் முழங்கால் உயரச் சீகைக் கன்றுகளைக் கையால் பிடுங்குவது நம்மால் ஆகும் வேலை. மரம் வனத்துறையின் வேலை. தமிழ்நாடு அரசு அந்நியத் தாவரங்களுக்கென்றே 2022ல் ஒரு கொள்கை வெளியிட்டிருக்கிறது. பூங்கா என்றால் அதை நடத்தும் துறையிடம், காப்புக்காடு என்றால் வனத்துறையிடம், எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். நல்ல எண்ணத்தோடு போனாலும் அனுமதி இல்லாவிட்டால் தப்புத்தான்.

வெட்டிய தண்டையும் எரிக்க வேண்டாம். கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கலைஞர்கள் உண்ணித் தண்டில் செய்த நிஜ யானை அளவு யானைச் சிற்பங்கள் 2021ல் லண்டன் பூங்காக்களில் நின்றன. நீங்கள் பள்ளித் தோட்டத்துக்கு வேலி கட்டினாலே போதும்.

ஏப்ரலில் கோடை மழை பெய்ததும் அந்தச் சரிவுக்கு ஒருமுறை போங்கள். மண் ஈரமாக இருக்கும்போது இந்த வருடத்து முளைகள் இரண்டு விரலுக்கே வேரோடு வந்துவிடும். அடிக்கட்டைகளுக்கு ஒரு களைக்கொத்து போதும். அந்த மாணவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த ஞாயிறு என்று எழுதினால் நானும் கோத்தகிரியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா