நவம்பரில் எஸ்ஸவீரா: வாசகர் கேள்விகள்

மொராக்கோவின் அட்லாண்டிக் கரையில் இருக்கும் எஸ்ஸவீராவுக்குக் கிளம்புகிறவர்களும் போய் வந்தவர்களும் எழுதிய கடிதங்கள் இந்த வாரம். நவம்பர் கடைசியில் அங்கே கூட்டம் குறைந்து அறை வாடகை இறங்கிவிடும். அதனால்தான் நம் ஆட்கள் பலர் அந்த நேரம் பார்த்துப் போகிறார்கள் போல. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கே: நவம்பர் கடைசி வாரம் ஐந்து நாள் கைட் சர்ஃபிங் (காற்றில் பறக்கும் பட்டம் இழுக்கப் பலகையில் நீர்மேல் சறுக்குவது) வகுப்புக்கு முழுப் பணமும் கட்டிவிட்டேன். காற்று இல்லாவிட்டால் திருப்பித் தருவார்களா? (வாசகர், பெங்களூரு)

ப: கட்டுவதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அந்த ஊரில் காற்று விடாமல் அடிப்பது ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. நவம்பரில் அதை நம்ப முடியாது. ரசீதை எடுத்துப் பாருங்கள், காற்றில்லாத நாளைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று. இல்லையென்றால் இன்றைக்கே எழுதிக் கேட்டு, அந்த நாட்களுக்குப் பணமா அல்லது அலைச்சறுக்கு வகுப்பா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குளிர்காலம் நெருங்கும்போது அங்கே அலை பெரிதாகும். அலைச்சறுக்கு கிடைத்தாலும் நஷ்டமில்லை.

கே: கோட்டைச் சுவரையும் கடலையும் மேலிருந்து படமெடுக்க ட்ரோன் வாங்கலாம் என்றிருக்கிறேன். எந்த மாடல் நல்லது? (வாசகர், மதுரை)

ப: எதுவும் வேண்டாம். முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் மொராக்கோ சுங்கத்தில் பிடித்து வைத்துக்கொள்வார்கள்.

கே: மராகெஷிலிருந்து வரும் வழியில் டிரைவர் 'பெண்கள் கூட்டுறவு' என்று பலகை போட்ட கடையில் நிறுத்தினார். 300 திர்ஹாம் சொன்ன ஒரு லிட்டர் ஆர்கன் எண்ணெயை 100-க்குப் பேசி வாங்கினேன். வீட்டுக்கு வந்து திறந்தால் வாசனையே இல்லை. ஏமாந்துவிட்டேனா? (வாசகி, கோவை)

ப: அந்த விலைக்கு அசல் எண்ணெய் வராது அம்மா. ஆனால் வாசனையை வைத்து அதைச் சொல்லவில்லை. ஆர்கனில் இரண்டு வகை உண்டு. பருப்பை வறுத்து ஆட்டினால் சமையல் எண்ணெய். நிறம் அடர்ந்து, வறுத்த கடலை போல மணக்கும். வறுக்காமல் ஆட்டினால் முகத்துக்கும் முடிக்கும் பூசுவது. வெளிறியிருக்கும், மணம் அதிகம் இராது. நீங்கள் எதைக் கேட்டு வாங்கினீர்கள் என்று கடிதத்தில் இல்லை. கேட்டே வாங்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இனி விலைக்கு வருகிறேன். இந்த விஷயத்தில் எனக்குப் பல வருட ஆதங்கம் இருக்கிறது. ஆர்கன் மரம் இயற்கையாகக் காடாக வளர்ந்திருப்பது மொராக்கோவின் தென்மேற்கில்தான். அந்தக் காட்டை 1998-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. ஒரு லிட்டர் எண்ணெய்க்குச் சுமார் 30 கிலோ பழம் வேண்டும். பழத்தை உலர்த்தி, தோலை உரித்து, உள்ளே இருக்கும் கொட்டையைக் கல்லின் மேல் நிறுத்தி இன்னொரு கல்லால் தட்டி உடைக்கிறார்கள். கொட்டை கருங்காலி போல இருக்கும். ஒரு தட்டுத் தவறினால் அடி விரலில் விழும். அப்படி நாள் முழுக்க உட்கார்ந்து உடைத்தால் ஒரு பெண்ணுக்கு ஒரு கிலோ பருப்பு, மிஞ்சினால் இரண்டு கிலோ தேறும். ஒரு லிட்டருக்கு இரண்டு கிலோவுக்கு மேல் பருப்பு வேண்டும். 100 திர்ஹாம் என்றால் ஏறக்குறைய 900 ரூபாய். அதில் கடைக்காரர் லாபம் போய், டிரைவர் கமிஷன் போய், அவள் கைக்கு என்ன மிஞ்சும்?

விலை மடமடவென்று இறங்கினால் அது வேறு எண்ணெய் கலந்த பாட்டில், அல்லது அந்தப் பெண்ணின் கூலி இறங்குகிறது. வாசலில் நான்கு பெண்களை உட்காரவைத்துக் கொட்டை உடைக்கச் சொல்லிவிட்டு, எங்கிருந்தோ கேனில் வந்த எண்ணெயை உள்ளே விற்கும் கடைகள் அந்த நெடுஞ்சாலையில் உண்டு. நேர்மையாக நடக்கும் கூட்டுறவுகளும் அதே சாலையில் இருக்கின்றன, கெட்ட பெயர் அவர்களுக்கும் சேர்கிறது. அடர்நிற பாட்டில், ஆட்டிய தேதி, கூட்டுறவின் பெயரும் முகவரியும், உணவு எண்ணெயென்றால் அந்த நாட்டு உணவுப் பாதுகாப்பு அமைப்பான ஓன்சாவின் அனுமதி எண், இவ்வளவும் லேபிளில் இருக்க வேண்டும். கலப்படமா என்று ஃபிரிட்ஜில் வைத்துச் சோதிப்பதெல்லாம் நிச்சயமில்லை. 100 மில்லி வாங்குங்கள், சொன்ன விலையைக் கொடுங்கள்.

கே: அதே சாலையில் மரத்தின் மேல் ஆடுகள் நின்றன. படம் எடுத்ததற்குப் பணம் கேட்டார்கள். தானாக ஏறிய ஆடுகளா? (வாசகர், துபாய்)

ப: ஆர்கன் பழத்துக்காக ஆடு மரமேறுவது உண்மை. ஆனால் பழம் பழுப்பது கோடையில். நவம்பரில், வண்டி நிறுத்த வாகான மரத்தில், ஆளுக்கொரு கிளையாக நிற்கிறதென்றால் ஏற்றி நிறுத்தியிருக்கிறார்கள். நிறுத்தாமல் போங்கள்.

கே: மதீனாவில் (மதில் சூழ்ந்த பழைய நகரம்) 'கற்றாழைப் பட்டு' என்று 1,800 திர்ஹாமுக்குப் படுக்கை விரிப்பு வாங்கினேன். கடைக்காரர் ஒரு நூலை உருவிக் கொளுத்திக் காட்டினார். காகிதம் போல எரிந்து சாம்பலானது. சென்னையில் துணி தெரிந்தவரிடம் காட்டினால் வெறும் ரேயான் என்கிறார். என் முட்டாள்தனமா? (வாசகி, சென்னை)

ப: இல்லவே இல்லை. நீங்கள் சோதித்துப் பார்த்துத்தான் வாங்கினீர்கள். ஏமாற்று அந்தச் சோதனையிலேயே இருக்கிறது. பாலியஸ்டர் என்றால் உருகிக் கறுப்பு மணியாகத் திரளும். அது இல்லை என்பதை மட்டும்தான் தீக்குச்சி காட்டியது. ரேயானை மரக்கூழிலிருந்துதான் செய்கிறார்கள், அதுவும் காகிதம் போலத்தான் எரியும். பட்டுப்பூச்சி நூலென்றால் முடி கருகும் வாடை வரும், நம் சேலைக் கடைகளில் பலர் பார்த்திருப்பீர்கள். கற்றாழை நாரில் நெய்தது என்று அங்கே 'சப்ரா' என்ற பெயரில் விற்பதில் பெரும்பாலானது ரேயான்தான். பார்க்க அழகு, ரேயான் விலைக்கு வாங்கலாம். கார்டில் கொடுத்திருந்தால், சொன்ன பொருள் வேறு தந்த பொருள் வேறு என்று உங்கள் வங்கியில் இந்த வாரமே புகார் எழுதுங்கள். ரசீதில் 'பட்டு' என்று இருந்தால் அதன் நகலை இணைக்க மறக்காதீர்கள்.

கே: தூயா மரப் பெட்டியில் அசலை எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், பாரீஸ்)

ப: நான் வாங்கியது போலி, அதிலிருந்து கற்றதைச் சொல்கிறேன். சந்தில் ஒரு கடை, நல்ல மழை. ஒதுங்கியவன் பேச்சுக் கொடுத்துப் பெட்டியோடு வெளியே வந்தேன். ஊர் திரும்பி ஈரத்துணியால் துடைத்தபோது வெள்ளைத் துணி காப்பி நிறமானது. சாயம் பூசிய சாதாரண மரம். என் மனைவிக்கென்று வாங்கியது, இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான்.

தூயா என்பது அங்கே வளரும் சைப்ரஸ் வகை மரம், அதில் மதிப்புள்ள பாகம் வேர்க்கட்டை. உள்ளே சிறு சிறு கண்கள் போலப் புள்ளிகள் நெருங்கியிருக்கும். மூடியைத் திறந்தால் தேவதாரு போல ஒரு மணம் எழும்பும். வெளிப்புறம் மெருகேற்றியிருப்பார்கள், அதை விட்டுவிட்டு அடிப்பக்கத்தையும் மூடியின் உள்விளிம்பையும் பாருங்கள். ஸ்காலா கோட்டைச் சுவரடியில் பட்டறைகள் இருக்கின்றன. இழைப்பவர் கண்முன்னே வேலை செய்யும் இடத்தில் வாங்குங்கள். வேரைத் தோண்டினால் மரம் போய்விடும், சிறிய பெட்டியே போதும்.

கே: 250 மில்லி ஆம்லூ ஜாடியை கைப்பையில் வைத்திருந்தேன். விமான நிலையத்தில் பிடுங்கிவிட்டார்கள். அநியாயம் இல்லையா? (வாசகர், சிங்கப்பூர்)

ப: இல்லை. பாதாமும் ஆர்கன் எண்ணெயும் தேனும் சேர்த்து அரைத்த விழுது அது. 100 மில்லிக்கு மேல் விழுதையும் கைப்பையில் விடமாட்டார்கள். எத்தனை முறை எழுதுவது?

கே: ரியாத் எனப்படும் முற்றம் வைத்த பழைய வீட்டில் நான்கு இரவு எடுத்தோம். 'ஹீட்டர் உண்டு' என்று போட்டிருந்தது. அறையில் இல்லை, சுவரெல்லாம் ஓதம், குழந்தைக்கு இருமல். மறுநாளே கிளம்பினோம். மீதிப் பணம் தர மறுக்கிறார்கள். (வாசகி, லண்டன்)

ப: உங்கள் பக்கம்தான் நியாயம். இரவில் அங்கே 13, 14 டிகிரிதான், ஆனால் கடலோரத்துத் தடித்த சுவருக்குள் ஈரம் எலும்பைப் பிடிக்கும். விளம்பரப் பக்கத்தைப் படமெடுத்து, சுவரின் படத்தோடு முன்பதிவுத் தளத்துக்கு இன்றே புகார் கொடுங்கள். இனிப் போகிறவர்கள் ஹீட்டர் அறைக்குள்ளேயே இருக்கிறதா, அதற்குத் தனிக் காசா என்று கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

கே: 4,500 திர்ஹாம் மிச்சம் கொண்டுவந்துவிட்டேன். திருச்சியில் எங்கே மாற்றலாம்? (வாசகர், திருச்சி)

ப: அந்த நாட்டை விட்டு 2,000 திர்ஹாமுக்கு மேல் எடுத்து வரவே கூடாது. விமானம் ஏறுமுன் அங்கேயே மாற்றியிருக்க வேண்டும். அடுத்து போகிறவரிடம் கொடுங்கள்.

கே: மதீனாவுக்குள் கார் போகாது என்று தள்ளுவண்டிக்காரர் ஒருவர் எங்கள் பெட்டிகளைத் தங்குமிடம் வரை தள்ளி வந்து 30 திர்ஹாம் வாங்கினார். 20 போதும் என்று பிறகு சொன்னார்கள். புகார் செய்ய முடியுமா? (வாசகர், ஈரோடு)

ப: எத்தனை பெட்டி? நான்கு என்று எழுதியிருக்கிறீர்கள். ஈரக் கல் பாவிய சந்தில் அவர் வண்டியை முதுகால் தாங்கி இறக்குவதை நான் பார்த்திருக்கிறேன். புகார் வேண்டாம் ஐயா. திரும்பும் நாளிலும் அவரையே கூப்பிடுங்கள், கூலியை முன்கூட்டிப் பேசிக்கொண்டு.