விண்வெளி பாட்காஸ்ட் கேட்கும் மகனும் உங்கள் கவலையும்

"எந்நேரமும் காதில் இயர்போன். கேட்டால் விண்வெளி பாட்காஸ்ட் என்கிறான். படிப்பு கெட்டுப்போகாதா? அடுத்து எந்தப் பாடப்பிரிவில் சேர்ப்பது?" என்று எழுதியிருந்தீர்கள். தேர்வு நெருங்கும் நேரத்தில் கவலை வரத்தான் செய்யும். ஆனால் இயர்போனைப் பிடுங்கி வைப்பதற்கு முன், ஒரு எபிசோடாவது அவனோடு உட்கார்ந்து கேளுங்கள்.

பிபிசி உலக சேவை 2019-இல் வெளியிட்ட '13 மினிட்ஸ் டு த மூன்' தொடரையே எடுத்துக்கொள்ளலாம். மனிதரை முதன்முதலில் நிலவுக்குக் கொண்டுபோன அப்பல்லோ 11 பயணத்தில், கலம் நிலவில் இறங்கிய கடைசி நிமிடங்கள்தான் கதை. பாதி வழியில் கலத்தின் கணினி 1202 என்ற எச்சரிக்கையைக் காட்டுகிறது. தொடர்ந்து இறங்குவதா, திரும்புவதா? பூமியில் கட்டுப்பாட்டு அறையிலிருந்து முடிவு சொல்ல வேண்டிய ஸ்டீவ் பேல்ஸுக்கு வயது 26. அவருக்குத் துணையாக இருந்த ஜாக் கார்மனுக்கு 24. எந்த எச்சரிக்கை வந்தால் என்ன செய்வது என்று கார்மன் முன்கூட்டியே கைப்பட ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தார். கணினிக்கு வேலைப்பளு கூடிவிட்டது, ஆனாலும் முக்கியமான வேலைகளை அது விடவில்லை என்பது அவருக்குத் தெரியும். இறங்கலாம் என்று சொல்ல நொடிகளே போதுமாக இருந்தன.

விண்வெளித் துறை என்றால் விண்வெளி வீரர் மட்டும்தான் என்ற எண்ணம் இதைக் கேட்டாலே மாறிவிடும். நாசாவின் ஜான்சன் மையம் நடத்தும் 'ஹூஸ்டன் வி ஹேவ் எ பாட்காஸ்ட்'டில் மருத்துவர்களும் பொறியாளர்களும் தங்கள் வேலையைப் பற்றிப் பேசுகிறார்கள். வானியலின் அடிப்படை வேண்டுமென்றால் 2006-இல் தொடங்கிய 'அஸ்ட்ரானமி காஸ்ட்' நல்லது.

சரி, ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பாட்காஸ்டில் கணக்கு காதில் விழாது. வானியலாளரின் நாளில் பெரும்பகுதி தொலைநோக்கி அருகே அல்ல, கணினி முன்னால் தரவுகளோடு கழிகிறது. இயற்பியல், கணிதம், நிரலாக்கம் மூன்றும் வேண்டும். ஆராய்ச்சிக்குப் போவதென்றால் முனைவர் பட்டம் வரை படிக்க வேண்டும், நிரந்தரப் பணியிடங்களும் குறைவு.

ஆகவே அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். அப்பல்லோ ஒலிப்பதிவில் பூமியிலிருந்து கேள்வி போனதும் பதில் வரும்வரை சிறு இடைவெளி கேட்கும். அது ஏன் என்று கேளுங்கள். நிலவு சுமார் 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ரேடியோ அலை நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்வர இரண்டரை நொடிக்குக் கொஞ்சம் மேல். தானாகவே நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டு, அப்புறம் செவ்வாய்க்கு எவ்வளவு என்று தேடினால், அறிவியல் பிரிவை நம்பி எடுக்கலாம். கணக்கில் மனம் ஒட்டாமல், கதையை மட்டும் அழகாகத் திருப்பிச் சொன்னால், அறிவியல் இதழியல், ஒலித் தயாரிப்பு பக்கம் பார்க்கலாம். அதுவும் மதிப்பான தொழில்தான்.

எது நடந்தது என்று எழுதுங்கள். பாடப்பிரிவை அதை வைத்து முடிவு செய்வோம்.