எங்கள் தெருவில் வண்டிகள் பறக்கின்றன, பஞ்சாயத்தோ வேகத்தடை போட மறுக்கிறது. நாங்களே சிமெண்டில் போட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம். போட்டால் என்ன ஆகும் என்பதைக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கும் எங்கள் தெரு பார்த்துவிட்டது.

எங்களுடையது பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம். வேலந்தாவளத்தைத் தாண்டினால் கோவை மாவட்டம். சித்தூர் வட்டத்துத் தோப்புகளில் இறக்கும் கள், விடிந்தும் விடியாமலும் கேரளத்தின் பிற மாவட்டங்களுக்குப் போகிறது. நேரம் ஆக ஆகப் புளிக்கும் சரக்கு, ஓட்டுநருக்கு அவசரம். கடைவீதி நெரிசலுக்குப் பயந்து அந்த வண்டிகளும் காய்கறி வண்டிகளும் எங்கள் தெருவுக்குள் புகுந்தன. முன்பாவது எல்லை தாண்டி வருபவர்கள் வரிச் சோதனைச் சாவடியில் நின்று வருவார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் அந்தச் சாவடிகள் போயின. அவற்றை எவ்வளவு திட்டியிருப்போம்! இந்த வட்டாரத்தில் ஒழுங்காக வேலை செய்த வேகத்தடை அவைதான்.

பொறுமை இழந்த சிலர், வீடு கட்ட இறக்கிய ஜல்லியைக் குழைத்து இரவோடு இரவாக ஒரு மேடு எழுப்பினார்கள். வெள்ளைக்கோடு இல்லை, எச்சரிக்கைப் பலகை இல்லை, பக்கத்தில் தெருவிளக்கும் இல்லை. லாரிகள் குலுங்கியபடி போய்க்கொண்டேதான் இருந்தன. விழுந்தது எங்கள் தெருப் பாட்டி, பேரனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தவர். இடுப்பெலும்பு முறிந்தது. மறுநாள் மேட்டை உடைத்தவர்களும் அதைப் போட்டவர்களேதான்.

வேகத்தடைக்கென்று அளவு உண்டு. சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸின் (ஐஆர்சி) 99ஆம் எண் வழிகாட்டியின்படி உயரம் 10 செ.மீ., வண்டி போகும் திசையில் அகலம் 3.7 மீட்டர். கிட்டத்தட்ட ஒரு சிறிய காரின் நீளம் வருகிறது. 25 கி.மீ. வேகத்தில் வருபவர் அலுங்காமல் ஏறி இறங்கவேண்டும் என்பது கணக்கு. நாம் போடுவது முழ அகலத்தில் ஒரு சுவர். அதில் மெதுவாக வருபவரும் விழுவார்.

அதோடு, வேகத்தடை அந்த ஓர் இடத்தில்தான் வேகத்தைக் குறைக்கும். தாண்டியதும் ஆக்சிலேட்டரை மிதிப்பார்கள். தெரு முழுக்க 30 கி.மீ.க்குள் வண்டி வரவேண்டும் என்பதே நமக்குத் தேவை. ஓட்டுநர் சுதாரித்துப் பிரேக்கை மிதிக்க ஒரு நொடி ஆகும் என்று வையுங்கள். உலர்ந்த சாலையில் 30 கி.மீ. வேகத்தில் வரும் கார் சுமார் 13 மீட்டரில் நின்றுவிடும். 50 கி.மீ. வேகத்தில் வரும் கார் அந்த 13 மீட்டரில் பிரேக்கையே தொட்டிருக்காது.

'மெதுவாகச் செல்லவும்' பலகையை யாரும் படிப்பதில்லை. அகலமாக, நேராக, வழவழவென்று கிடக்கும் சாலை 'அழுத்து' என்றுதான் சொல்கிறது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தார் இதைப் புரிந்துகொண்டு குடியிருப்புத் தெருக்களை வளைத்து, குறுக்கி, நடுநடுவே மரம் வைத்தார்கள். 1976இல் அந்நாடு அத்தகைய தெருக்களுக்குச் சட்ட ஏற்பும் கொடுத்தது.

எங்களால் மரம் வைக்க முடியவில்லை. வார்டு உறுப்பினரை அழைத்து வந்து காட்டி, அவர் சம்மதத்தோடு தெருவின் முதல் பாதியில் இடப்பக்கமும் மறுபாதியில் வலப்பக்கமும் கார்களை நிறுத்த ஆரம்பித்தோம். நேர்வழி நெளிவழியானது. தெரு முனையில் மண் நிரப்பிய டிரம்களை வைத்துத் திருப்பத்தை இறுக்கினோம். டிரம்களில் ஒளிரும் பட்டை ஒட்டுவது கட்டாயம். குழந்தையை மறைக்கும் உயரத்துக்கு எதையும் வைக்காதீர்கள், தீயணைப்பு வண்டி நுழைய வழி விடுங்கள். கள் வண்டிகள் இப்போது கடைவீதி வழியாகவே போகின்றன. பைக்குகள் அடங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நெளிவு அவர்களுக்கு விளையாட்டு. ஓட்டுவது பதினெட்டு நிறையாத பையன் என்றால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவில் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் சிறையும் உண்டு என்பதை அவன் வீட்டில் சொல்லிப் பாருங்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் சாவி பீரோவுக்குள் போய்விட்டது.

நிரந்தரமாக ஏதாவது கட்ட, சாலை பஞ்சாயத்துடையதா பொதுப்பணித் துறையுடையதா என்று முதலில் விசாரியுங்கள். அவர்கள் கைவிரித்தால், ஆட்சியர் தலைமையில் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. கேரளத்தில் இருப்பவர்கள் மலையாளம் எழுத வராதே என்று தயங்க வேண்டாம், 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுத இடம் தருகிறது. அடுத்து தார் போடுவதற்கான மதிப்பீடு தயாராகும் முன் மனு போய்ச் சேரட்டும். மதிப்பீட்டில் இல்லாத எதையும் ஒப்பந்தக்காரர் கட்டித் தரமாட்டார்.