நர்சாக இங்கிலாந்துக்குப் போனால் வேலை, படிப்பு, வாழ்க்கை எல்லாம் உண்மையில் எப்படி இருக்கும்?

உங்கள் கேள்வியில் "அங்கே போனாலும் பெட்பேன் எடுக்கிற வேலைதானே என்று வீட்டில் சொல்கிறார்கள், உண்மையா?" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஆமாம், எடுக்க வேண்டும். பெட்பேன், கமோடு, பேடு மாற்றுவது, குளிப்பாட்டுவது, பல்செட்டைக் கழுவி டப்பாவில் போடுவது எல்லாம் உண்டு. ஊரில் ஆயாம்மா பார்த்துக்கொள்வார். இங்கே ஹெல்த்கேர் அசிஸ்டென்ட் இருப்பார், ஆனால் அவர் வேறு ஆளோடு மாட்டிக்கொண்டிருந்தால் நாம்தான் செய்ய வேண்டும். குளிப்பாட்டும்போதுதான் குதிகாலில் புண் ஆரம்பித்திருப்பது கண்ணில் படும், போன வாரம் நடந்தவரால் இன்று கால் ஊன்ற முடியவில்லை என்பது தெரியும். இதில் கௌரவக் குறைச்சல் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து வராதீர்கள். கடுமையாகச் சொல்கிறேன் என்று தோன்றினால் தோன்றட்டும்.

நீங்கள் பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து, தனியார் ஆஸ்பத்திரியில் சில வருடம் பார்த்தவர் என்று வைத்துக்கொள்கிறேன். நான் திண்டுக்கல் பக்கம். மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு நாட்டிங்காம் வந்தேன். நான் சொல்வதெல்லாம் இந்த ஒரு ஊரை வைத்துத்தான். லண்டனில் இருப்பவர்கள் வந்து "அப்படியெல்லாம் இல்லை" என்று சொன்னால் அதுவும் சரியாகத்தான் இருக்கும்.

என் அனுபவத்தில் பெட்பேன் ஒரு கஷ்டமே இல்லை. வாயைத் திறந்து பேசுவதுதான் கஷ்டம். ஆங்கிலத்தைச் சொல்லவில்லை. ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் மற்ற மூன்றிலும் 7, ரைட்டிங்கில் 6.5 வாங்கினால் போதும், மருத்துவத் துறைக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி. என்றால் மூன்றில் பி, ரைட்டிங்கில் சி பிளஸ். அதைப் படித்து வாங்கிவிடலாம். மதுரையில் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தால் எழுந்து நிற்போம், ஃபைலை அணைத்துக்கொண்டு பின்னால் நடப்போம், கேட்டால்தான் பேசுவோம். அப்படியே பழகிய உடம்பு. இங்கே நர்சிங் கவுன்சிலான என்.எம்.சி. நடத்தும் ஓஸ்கி என்ற செய்முறைத் தேர்விலேயே அதை உடைக்க வேண்டியிருக்கிறது. மொத்தம் 10 ஸ்டேஷன், அதில் சில எழுத்து. மற்றவற்றில் செய்வதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். பெயர், பிறந்த தேதி, கைப்பட்டை, அலர்ஜி, "இதைச் செய்யலாமா, உங்களுக்குச் சம்மதமா" என்ற கேள்வி, எதையும் மனதுக்குள் வைத்துக்கொண்டால் மார்க் கிடையாது. கட்டணம் 794 பவுண்டு. முதல் தடவைக்குப் பெரும்பாலும் வேலைக்கு எடுக்கும் ஆஸ்பத்திரியே கட்டிவிடும். அதே ஒப்பந்தத்தில் இரண்டு மூன்று வருடத்துக்குள் விலகினால் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்றும் இருக்கும், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

தேர்வு முடிந்து, நர்சாகப் பதிவானதற்கான 'பின்' நம்பரும் வந்தாயிற்று. ஆனால் நிஜமான தேர்வு முதல் குளிர்காலத்தில் ஒரு நைட் ட்யூட்டியில் வந்தது.

நான் இருந்தது முதியோர் வார்டு. எமர்ஜென்சியிலிருந்து ஒரு தாத்தாவை மேலே அனுப்பினார்கள். சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர். நாட்டிங்காம்ஷயர் ஒரு காலத்தில் நிலக்கரி மாவட்டம், கடைசிச் சுரங்கமான தோர்ஸ்பியை 2015-இல்தான் மூடினார்கள். அங்கே வேலை பார்த்தவர்களைக் கையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். விரல் முட்டியிலும் புறங்கையிலும் பச்சை குத்தியது போல நீலமாகச் சின்னச் சின்னக் கோடுகள் இருக்கும். காயத்துக்குள் கரித்தூள் போய், மேலே தோல் மூடிக்கொண்டதால் வந்தவை. வென்ஃப்லான் (மருந்து ஏற்றும் ஊசிக்குழாய்) போட இடம் தேடும்போது அரை வெளிச்சத்தில் அதை நரம்பு என்று நினைக்கத் தோன்றும்.

அவருக்கு சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட நுரையீரல் நோய். மூச்சுத் திணறலோடு ஆம்புலன்ஸில் வந்ததால் பை வைத்த மாஸ்கில் 15 லிட்டர் ஆக்சிஜன் போட்டிருந்தார்கள். உயிர் போகிற அவசரத்தில் அது சரிதான். வார்டுக்கு வரும்போது சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, 98 சதவீதம். பார்க்க அழகான நம்பர். ஆனால் வந்தவுடன் என்னை "மி டக்" என்று கூப்பிட்டு (இந்த ஊரில் செல்லமாக எல்லோரும் எல்லோருக்கும் டக்தான்) டீ கேட்ட மனுஷன், கொஞ்ச நேரத்தில் தூங்கித் தூங்கி விழுகிறார். தட்டி எழுப்பினால் கண்ணைத் திறக்கிறார், பேச்சு பாதியில் நின்றுவிடுகிறது.

இந்த நோய் முற்றியவர்களில் சிலருக்கு ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறிவிடும். அந்த ஆபத்து உள்ளவர்களுக்கு இங்கே வைக்கும் இலக்கு 88-இலிருந்து 92 வரை. ஆக்சிஜனும் மருந்துக் கணக்குதான். இலக்கை டாக்டர் எழுத வேண்டும், அதற்குள் நிறுத்தி வைப்பது நர்ஸ் வேலை. இவருக்கு அந்த இலக்கு இன்னும் எழுதப்படவில்லை.

போன் செய்தேன். ராத்திரி டாக்டர் ஒருவர் கையில் ஏகப்பட்ட வார்டுகள். "98 இருக்கிறதே, வேறொரு நோயாளி சீரியஸ், முடித்துவிட்டு வருகிறேன்" என்றார். மதுரையாக இருந்தால் "சரி டாக்டர்" என்று வைத்துவிட்டு, ஃபைலில் 'டாக்டருக்குத் தகவல் தரப்பட்டது' என்று எழுதிவிட்டு நம் கடமை முடிந்தது என்று இருந்திருப்பேன். இங்கே எஸ்-பார் என்று ஒரு முறை சொல்லித் தருகிறார்கள். நிலைமை, பின்னணி, என் கணிப்பு, எனக்கு என்ன வேண்டும். இந்த வரிசையில் பேச வேண்டும். முதல் இரண்டு சுலபம். மூன்றாவது வரும்போதே நாக்கு ஒட்டிக்கொள்ளும். நான்காவது, ஒரு டாக்டரிடம் "நீங்கள் இதைச் செய்யுங்கள்" என்று சொல்வது, நம் ஊரில் படித்த எந்த நர்சுக்கும் வாயில் வராது.

சொன்னேன். "நம்பர் நன்றாக இருக்கிறது, ஆள் நன்றாக இல்லை. கார்பன் டை ஆக்சைடு ஏறுகிறது என்று நினைக்கிறேன். நீங்கள் இப்போதே வந்து ஏ.பி.ஜி. ரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டும். முடியாது என்றால் சொல்லுங்கள், சீனியர் டாக்டரான ரெஜிஸ்ட்ராரைக் கூப்பிடுகிறேன்." குரல் நடுங்கியது, மறைக்கவில்லை. எதிர்ப்பக்கம் ஒரு நொடி சத்தமே இல்லை. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "வருகிறேன்" என்றார்.

வந்தார். ரிசல்ட்டில் கார்பன் டை ஆக்சைடு ஏறித்தான் இருந்தது. மாஸ்கை மாற்றி, வெள்ளை வால்வு போட்ட வென்சுரியில் (ஆக்சிஜனை அளந்து தரும் மாஸ்க்) 28 சதவீதம் வைத்தோம். இலக்கு 88-92 என்று எழுதிவிட்டு, கூப்பிட்டதற்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். விடிவதற்குள் தாத்தா தெளிந்துவிட்டார். முதலில் கேட்டது, தான் சொன்ன டீ என்ன ஆயிற்று என்று.

டாக்டரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தப் பையன் அன்று ராத்திரி சாப்பிட்டிருக்கவே மாட்டான். "ஊர் நர்சுக்கு இதெல்லாம் தெரியாதா?" என்றும் யாரும் சண்டைக்கு வர வேண்டாம். தெரியும். எங்கள் மதுரை வார்டில் இருந்த சீனியர் அக்காவுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். அவருக்குச் சொல்ல இடமில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் படிப்பு. இரண்டு வழி இருக்கிறது, இதில்தான் நம் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். ஸ்டூடென்ட் விசாவில் எம்.எஸ்ஸி. நர்சிங் என்று ஏஜென்ட் ஒரு கோர்ஸைக் காட்டுவார். அப்படிப்பட்ட பல கோர்ஸ்களை முடித்தாலும் பின் நம்பர் வராது, ஓஸ்கியைத் தனியாக எழுதத்தான் வேண்டும். கல்லூரி நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். 2024 ஜனவரி முதல் அந்த விசாவில் படிப்பைத் தொடங்குபவர்கள் கணவரையும் குழந்தையையும் அழைத்து வர முடியாது, ஆராய்ச்சிப் படிப்பு போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. இந்தக் கேள்விகளை ஏஜென்டிடம் கேட்டுப் பாருங்கள். நர்ஸ் வேலைக்கு ஆள் அனுப்புகிறவர்கள் நம்மிடம் பணம் வாங்கவே கூடாது என்று இந்த நாட்டின் ஆள் எடுப்பு விதியில் இருக்கிறது, அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இன்னொரு வழி, நர்சாக வந்து, வேலை பார்த்துக்கொண்டே ஒவ்வொரு மாட்யூலாகப் படிப்பது. நான் அப்படித்தான். வார்டு மேனேஜர் சம்மதித்து நிதியும் இருந்தால் ஆஸ்பத்திரியே பணம் கட்டும், ஸ்டடி லீவும் கிடைக்கும். அங்கேயும் வாய்ப் பிரச்சினைதான் வந்தது. முதல் அசைன்மென்டில் புத்தகத்தில் இருந்ததையெல்லாம் ஒழுங்காக மேற்கோள் காட்டி எழுதிக் கொடுத்தேன். "எல்லாம் சரி, இதில் நீ எங்கே?" என்று ஓரத்தில் எழுதி, பாஸ் மார்க்கை ஒட்டி ஒரு மார்க் போட்டிருந்தார்கள். நான்கு வருடம் மனப்பாடம் செய்து பல்கலைக்கழகத் தேர்வு எழுதியவளிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் அடுத்த அசைன்மென்டுக்கு அந்தச் சுரங்கத் தாத்தாவின் ராத்திரியைத்தான் எழுதினேன், மார்க்கும் வந்தது. ரெஜிஸ்டர் ஆகி ஒரு வருடம் வேலை பார்த்த பிறகு மருந்து எழுதும் படிப்புக்கே விண்ணப்பிக்கலாம். முடித்தால் நர்ஸ் தன் துறைக்குள் தானே மருந்துச் சீட்டு எழுதலாம். இதை ஊரில் சொன்னால் என் சித்தப்பா இன்னும் நம்புவதில்லை.

பணம். 2025-26 கணக்குப்படி, புதிதாகச் சேரும் நர்சுக்கான பேண்ட் 5 நிலையில் ஆரம்பச் சம்பளம் வருடத்துக்கு 31,049 பவுண்டு. பிடித்தம் போகக் கைக்கு மாதம் ஏறக்குறைய இரண்டாயிரம். ராத்திரிக்கும் சனிக்கிழமைக்கும் 30 சதவீதம், ஞாயிறுக்கு 60 சதவீதம் கூடுதல், அதனால்தான் நம் ஆட்கள் ஞாயிறு நைட்டுக்கு அடித்துக்கொள்வார்கள். தனியாக ஒரு படுக்கையறை வீடு எடுத்தால் வாடகை, கவுன்சில் வரி, கரண்ட், கேஸ் என்று பாதி போய்விடும். இதை ரூபாயில் பெருக்கி ஊரில் யாரிடமும் சொல்லாதீர்கள், அடுத்த வாரமே கடன் கேட்டு போன் வரும். கறிவேப்பிலைக்கும் பொன்னி அரிசிக்கும் டிராம் ஏறி ஹைசன் கிரீன் போனால் போதும். வெயில் இல்லாத நவம்பரைப் பற்றி எல்லோரும் எழுதியிருப்பார்கள், விடுகிறேன். 2024 ஆகஸ்டில் நாடு முழுக்கக் கலவரம் நடந்த வாரம் மட்டும் பயமாக இருந்தது. நைட் முடிந்து என்னோடு டிராம் ஸ்டாப் வரை நடந்து வந்தது இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஒரு வெள்ளைக்கார அசிஸ்டென்ட்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடக்கிறது. பக்கத்து ஊரில் ஒரு பொங்கல் விழாவுக்குப் போயிருந்தோம். நம் தமிழர்கள் நடத்தியது. "எங்கே வேலை?" என்று கேட்டார்கள். ஆஸ்பத்திரி என்றதும் முகமெல்லாம் மலர்ந்து "டாக்டரா?" என்றார்கள். நர்ஸ் என்றதும் "ஓ, அப்போ மலையாளியா?" என்றார்கள். திண்டுக்கல் என்று சொன்ன பிறகு பேச்சு பிரியாணிக்குப் போய்விட்டது. மேடையில் டாக்டர்களுக்கும் ஐ.டி. காரர்களுக்கும் சால்வை போட்டார்கள். அன்று கீழே பந்தி பரிமாறியதில் முக்கால்வாசி நாங்கள்தான். சால்வை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வார்டில் மலையாளி சேச்சிகள்தான் எனக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள், அவர்கள் மேல் ஒரு வருத்தமும் இல்லை. நம் ஆட்கள் மேல்தான்.

"ஊரிலேயே அரசு வேலை பார்க்காமல் ஓடிப்போனவள்" என்று எழுத வருபவர்களுக்கு: 2015-இல் தமிழக அரசின் எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதி ஒப்பந்தத்தில் சேர்ந்த நர்சுகளுக்கு மாதம் 7,700 ரூபாய்தான் கொடுத்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்கள், அதில் என் தோழிகளும் உண்டு. அவர்களிடம் கேட்டுவிட்டு என்னிடம் வாருங்கள்.

இப்போது வரலாமா என்றால், முன்போல் சுலபமில்லை. 2024-க்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது. 5 வருடத்தில் கிடைத்துவந்த நிரந்தர வசிப்புரிமையைப் பொதுவாக 10 வருடமாக்கப் போவதாக 2025 மே மாதம் அரசு அறிவித்தது. ஓ.இ.டி. எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நேரடியாக ஆஸ்பத்திரியிலிருந்து ஆஃபர் கைக்கு வராமல் வேலையை விடாதீர்கள்.

கணவரையும் அழைத்து வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நர்ஸ் விசாவில் வரலாம், வேலையும் பார்க்கலாம். ஆனால் அவர் இன்ஜினியராக இருந்தாலும் முதல் வேலை இந்தப் பக்கத்து குடோன் ஏதாவது ஒன்றில் பெட்டி அடுக்குவதாகத்தான் அநேகமாக இருக்கும். என் வீட்டுக்காரருக்கு அப்படித்தான் ஆரம்பித்தது, முதல் ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. டிக்கெட் போடுவதற்கு முன்பே இதைப் பேசிவிடுங்கள். சாம்பார் வைக்கத் தெரியுமா என்றும் கேட்டுவிடுங்கள். பன்னிரண்டரை மணி நேர ட்யூட்டி முடிந்து வருகிற நாளில் நீங்கள் வைக்கப்போவதில்லை.